வெட்டியும் தொண்டும்

ஊருக்கு உழைப்போம் என்று கூறி ஓர் இளைஞர் கூட்டம் புறப்படுகிறது. கையிலே மண்வெட்டி, தலையிலே முண்டாசு, உள்ளத்திலே ஊக்கம். அடைபட்ட வாய்க்காலைத் தோண்டுகிறார்கள், படித்துறையைக் கூட்டுகிறார்கள், மாலையிலே சிறுவர்க்குப் பாடம் சொல்கிறார்கள். பார்த்து நிற்கும் முதியவர் ஒருவர் புன்னகையோடு கேட்கிறார்: “இதென்ன புதுமை? எங்கள் காலத்திலே ஊர் கூடி வாய்க்கால் வெட்டவில்லையா? ஊர் கூடித் தேர் இழுக்கவில்லையா?”

கேள்வி நியாயமானதுதான். ஊர் கூடியது உண்மை. வாய்க்கால் வெட்டியதும் உண்மை. ஆனால், கூடியவர் யார், வெட்டியவர் யார், கரையிலே குடைபிடித்து நின்றவர் யார் என்று திருப்பிக் கேட்போமானால், முதியவரின் புன்னகை சற்றே மங்கும். அந்த மறுகேள்வியைத்தான் நாம் இங்கே கேட்கப் போகிறோம். சேலம், நாமக்கல் வட்டாரத்துச் சமவெளியிலே, காவிரியின் வடகரையிலே, பரமத்தி வேலூரிலே நின்றுகொண்டு கேட்கப் போகிறோம்.

இரண்டு சொற்கள்

தமிழிலே இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று வெட்டி; மற்றொன்று தொண்டு. இரண்டுமே கூலி பெறாத உழைப்பைக் குறித்தவை. இரண்டின் வாழ்க்கை வரலாறும் விந்தையானது.

வெட்டி என்பது சோழர் காலத்துக் கல்வெட்டுகளிலே அடிக்கடி காணப்படும் சொல். ஏரிக்கும் வாய்க்காலுக்கும் கோயிலுக்கும் அரசுக்கும் குடிமக்கள் கூலியின்றிச் செய்தாக வேண்டிய கட்டாய வேலை அது. வரிகளின் பட்டியலிலே அதுவும் ஒரு வரியாகவே இடம்பெற்றது. நெல்லாகக் கொடுப்பவன் நெல்லாகக் கொடுத்தான். பொன்னாகக் கொடுப்பவன் பொன்னாகக் கொடுத்தான். இரண்டும் இல்லாதவன் முதுகெலும்பாகக் கொடுத்தான்! அந்தச் சொல் இன்று என்னவாயிற்று? பயனற்ற வேலைக்கு ‘வெட்டி வேலை’ என்கிறோம். பயனற்ற பேச்சுக்கு ‘வெட்டிப் பேச்சு’ என்கிறோம். நாடு முழுவதையும் வாழவைத்த உழைப்பின் பெயர், பயனின்மைக்குப் பெயராகிவிட்டது. உழைத்தவனுக்குக் கூலி கொடாத சமுதாயம், அவன் உழைப்பின் பெயருக்குரிய மதிப்பையும் பறித்துக்கொண்டது.

தொண்டு என்ற சொல்லின் கதை வேறு. பழைய அகராதிகளைப் புரட்டினால், தொண்டு என்பதற்கு அடிமைத்தனம் என்னும் பொருளையும் காணலாம். ஆண்டவனுக்கு அடிமை, அடியார்க்கு அடிமை, ஆண்டைக்கு அடிமை. அடிமையைக் குறித்த அந்தச் சொல், சென்ற நூற்றாண்டிலே, எவருடைய ஆணையுமின்றி, எந்தப் பிறவிக் கடமையுமின்றி, தானே முன்வந்து பொதுநலத்துக்கு உழைப்பவனின் பெருமைக்குரிய பட்டமாக உயர்ந்தது. ஒரு சொல் விழுந்தது. ஒரு சொல் எழுந்தது. இந்த வீழ்ச்சிக்கும் எழுச்சிக்கும் இடையே கிடப்பதுதான் நம் ஊர்களின் உண்மை வரலாறு.

வாய்க்கால் கூறும் வரலாறு

வேலூரின் வளம் காவிரியால் வந்தது என்பார்கள். பாதி உண்மை. ஆறு ஓடினால் மட்டும் வயல் விளைந்துவிடாது. ஆற்றை வயலுக்கு அழைத்துவர வாய்க்கால் வேண்டும். வேலூருக்கு மேற்கே, ஆற்றின் மேற்பகுதியிலே, ஜேடர்பாளையத்திலே ஒரு படுகை அணை. அங்கே பிரிகிறது ராஜா வாய்க்கால். அதனைத் தொடர்ந்து கொமாரபாளையம் வாய்க்கால், பொய்யேரி வாய்க்கால், மோகனூர் வாய்க்கால். இந்த நீரை நம்பித்தான் வேலூர், பொத்தனூர், பாண்டமங்கலம் பக்கத்திலே வெற்றிலைக் கொடிக்கால் படர்ந்தது, வாழை குலைதள்ளியது, கரும்பு ஆலைக்குப் போய் வெல்லமாயிற்று. இந்த அணையையும் வாய்க்காலையும் அமைத்தவர் அல்லாள இளைய நாயகர் என்னும் தலைவர் என்று வட்டார மரபு கூறுகிறது. அவர் பெயரை மக்கள் நன்றியோடு நினைக்கிறார்கள்; நினைக்கத்தான் வேண்டும். புவியியற் கல்லூரி இல்லாத காலத்திலே, நிலத்தின் சரிவை அறிந்து நீரை நடத்திச் சென்ற அறிவு போற்றத்தக்கது.

ஆனால், வாய்க்கால் ஒருமுறை வெட்டினால் போதுவதன்று. ஆண்டுதோறும் வண்டல் படியும், கரை சரியும், கோரை மண்டும். ஆண்டுதோறும் எவரோ இறங்கி மண்ணை அள்ளினால்தான் கடைமடைக்கு நீர் போகும். இந்த வேலைக்குக் குடிமராமத்து என்று பெயர். குடிகள் செய்யும் மராமத்து! பெயரைக் கேட்டால், குடிகளெல்லாம் தோளோடு தோள் நின்று பாடுபட்ட காட்சி கண்முன் வரும். நடந்தது அதுவன்று. வயலுடையவர் தம் பங்குக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்பது வழக்கம். ஆள் அனுப்புவது என்றால் தாமே செல்வது என்று பொருளா? பண்ணையாளை அனுப்புவதும் அந்த வழக்கத்துக்குள் அடக்கம். நீர் யாருடைய வயலுக்குப் பாய்ந்ததோ அவர் கரைமேல். ஒரு சாண் நிலமும் இல்லாதவன் சேற்றில். மடை திறந்து நீர் பாய்ச்சும் நீர்க்கட்டி பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட குலத்தவன். வயலெங்கும் நீரைப் பங்கிட்டுக் கொடுத்தவனுக்கு, ஊர்க்கிணற்றிலே ஒரு குடம் நீர் எடுக்க உரிமை இல்லை! உலகிலே இதைவிடக் கொடிய எள்ளல் வேறென்ன இருக்க முடியும்?

1792ஆம் ஆண்டு, சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி, திப்புவிடமிருந்து சேலம் வட்டாரம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அலெக்சாந்தர் ரீடும் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்தனர்; குடியானவனிடம் நேரே வரி வாங்கும் இரயத்துவாரி முறை உருவாகத் தொடங்கியது இந்த வட்டாரத்திலேதான். அளக்கும் சங்கிலி புதிதாக வந்தது. ஆனால், வாய்க்காலிலே இறங்கியவன் மட்டும் பழையவனே!

1858ஆம் ஆண்டிலே சென்னை மாகாணத்துக்கென ஒரு சட்டம் பிறந்தது. அந்த ஆண்டின் முதலாம் சட்டம். ஏரி, வாய்க்கால், ஆற்றுக்கரை உடையும் ஆபத்துக் காலத்திலே உடலுழைப்பாளரைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்கலாம் என்றது அது. வழக்கப்படி செய்ய வேண்டிய மராமத்தைச் செய்யத் தவறினால், அந்த உழைப்பின் மதிப்பைப் போல் இரு மடங்கு தண்டம் கட்ட வேண்டும் என்றும் சொன்னது. கரை உடையும்போது ஊரைக் காப்பது கடமைதான். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால், கரை உடைந்தால் அழைக்கப்பட வேண்டியவன் உடலுழைப்பாளன் மட்டுமா? வெள்ளத்துக்குக் கூரை வீடென்றும் மாடி வீடென்றும் வேற்றுமை தெரியுமா? மன்னன் காலத்து வழக்கம் வெள்ளையன் காலத்துச் சட்டமாயிற்று. சட்டப் புத்தகத்தின் அட்டை மாறியதே தவிர, சேற்றில் நின்றவனின் நிலை மாறவில்லை.

பிளேக் வந்த நாளில்

வெட்டி தொண்டாக மாறிய கதை எங்கே தொடங்குகிறது? நம் வட்டாரத்திலே அதற்கு ஒரு தெளிவான தொடக்கம் உண்டு. வேலூருக்கு மேலே, அதே காவிரிக்கரையிலே உள்ள ஈரோட்டிலே.

1896இல் பம்பாயிலே புகுந்த பிளேக் நோய், இரயில் வழியாகவும் சரக்கு மூட்டை வழியாகவும் ஊர் ஊராகப் பரவிற்று. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே, 1894இல், ஆங்காங்கிலே யெர்சின் என்னும் அறிஞர் அந்நோயின் கிருமியைக் கண்டுவிட்டார். 1897இல் பம்பாயிலே ஹாஃப்கின் தடுப்பூசி மருந்தை உருவாக்கித் தம் உடலிலேயே செலுத்திச் சோதித்தார். 1898இல் கராச்சியிலே சிமோண்டு, எலியின் உடலிலிருந்து தெள்ளுப்பூச்சி நோயைச் சுமந்து வருவதைக் காட்டினார். அறிவு இவ்வளவு தூரம் வந்துவிட்ட பின்னும், நம் நாட்டிலே என்ன நடந்தது? கோவை நகரிலே பிளேக் மாரியம்மன் என்ற பெயரிலேயே கோயில்கள் எழுந்தன! நோயைக் கொணர்ந்தது எலி; படையல் பெற்றது அம்மன். நோய் கண்ட வீட்டைவிட்டு உற்றார் ஓடினர். செத்தவர் உடலைத் தொட ஆளில்லை. சாவுக்குரிய வேலை இன்ன குலத்துக்கு என்று எழுதிவைத்த சமுதாயத்திலே, அந்தக் குலத்தவனும் உயிருக்கு அஞ்சி ஓடிவிட்டால் பிணத்தை எடுப்பவர் யார்?

அந்த நாளிலே ஈரோட்டிலே, செல்வர் வீட்டுப் பிள்ளையும் வணிகருமான இராமசாமி, தோழர்களுடன் சென்று, பிணங்களைத் தோளிலே சுமந்து அடக்கம் செய்தார் என்பதனைப் பெரியாரின் வாழ்க்கை வரலாறுகள் குறிக்கின்றன. இதைப் புண்ணியக் கதையாக நாம் இங்கே சொல்லவில்லை. புண்ணியத்திலே அவருக்கு நம்பிக்கை இருந்ததில்லை! இதிலே நாம் காணவேண்டிய செய்தி வேறு. பிறவியினாலே ஒருவன் தலையிலே சுமத்தப்பட்ட வேலையை, பிறவியினாலே அதிலிருந்து விலக்குப் பெற்ற ஒருவர், தாமே முன்வந்து தோளிலே ஏற்றார். எவரும் ஆணையிடவில்லை, வழக்கமும் கட்டாயப்படுத்தவில்லை. அறிவு சொன்னது, உள்ளம் ஒப்பியது, தோள் சுமந்தது. வெட்டி தொண்டாக மாறியது அந்தத் தோளிலேதான்.

பின்னர் அவர் ஈரோடு நகராட்சித் தலைவரானார். காவிரி நீரைக் குழாய் வழியே நகருக்குக் கொணர்ந்தார். நெருக்கடியான வீதிகளை அகலமாக்கப் பாடுபட்டார். 1919இலே தாம் வகித்த பொதுப் பதவிகளை உதறிவிட்டுப் பொதுவாழ்வின் பெரும் புயலிலே இறங்கினார். நல்ல நீர் வந்தால் வாந்திபேதி குறையும் என்பது அன்றைக்கே உலகறிந்த செய்தி. 1854இலே இலண்டன் மாநகரத்திலே ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர், காலரா பரவிய இடங்களைக் குறித்துப் பார்த்து, ஒரு தெருக்குழாயின் நீரே காரணமெனக் காட்டினார். குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. அங்கே கைப்பிடியைக் கழற்றினார்கள். இங்கே காளிக்குக் கடா வெட்டினார்கள். ஊர்த்தொண்டு என்பது கருணையினால் மட்டும் ஆவதன்று, அறிவினாலும் ஆவது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இரண்டு பாதைகள்

அதே ஆண்டுகளிலே, சேலம் நகராட்சியின் தலைவராக விளங்கியவர் ஆச்சாரியார் என்று நாம் அழைக்கும் இராசகோபாலாச்சாரியார். தாழ்த்தப்பட்டவரென ஒதுக்கப்பட்ட ஊழியரை அக்கிரகாரத்துக் குழாய் வேலைக்கு அனுப்பி, வைதிகரின் சினத்துக்கு ஆளானவர் அவர். 1925 பிப்ரவரியிலே, திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்திலே, இரத்தினசபாபதிக் கவுண்டர் தந்த நிலத்திலே, காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். நூற்பும் நெசவும் நடந்தன. மதுவிலக்குக்காக ‘விமோசனம்’ என்னும் ஏடு அங்கிருந்து வெளிவந்தது. கல்கி அதற்குத் துணைநின்றார். 1937 அக்டோபரிலே சேலம் மாவட்டத்திலே மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. அதற்கான மனப்பயிற்சி இந்த ஆசிரமத்திலே தொடங்கியது என்றால் மிகையன்று. மாற்றார் செய்த நன்மையை மறைப்பது பகுத்தறிவாளர்க்கு அழகன்று. ஆகவே அதனை ஒளிக்காமல் சொல்கிறோம்.

அதே 1925இலே, மே மாதம் 2ஆம் நாள், ஈரோட்டிலிருந்து ‘குடிஅரசு’ புறப்பட்டது. காவிரிக்கு இக்கரையிலே ஆசிரமம், அக்கரையிலே அச்சுக்கூடம். இரண்டும் ஊரைத் திருத்தவே தோன்றின. வேற்றுமை எங்கே? அந்த வேற்றுமை வெளிப்படக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1953இலே, முதலமைச்சராயிருந்த ஆச்சாரியார் தொடக்கக் கல்வித் திட்டம் ஒன்றைக் கொணர்ந்தார். பள்ளியிலே பாதி நேரம். எஞ்சிய நேரம் தந்தையின் தொழில். குயவன் மகன் சக்கரத்துக்கு, சலவைத் தொழிலாளியின் மகன் துறைக்கு, துப்புரவாளன் மகன்? அந்தக் கேள்வியை நாடே கேட்டது. குலக்கல்வித் திட்டம் என்று அதற்குப் பெயர் வந்தது. கிளர்ச்சி மூண்டது, 1954இலே ஆச்சாரியார் பதவி விலகினார், காமராசர் வந்தார், திட்டம் போயிற்று.

அக்கிரகாரத்துக்குத் தாழ்த்தப்பட்டவரை அனுப்பத் துணிந்தவரே, அவர் மகனை மறுபடியும் அப்பன் தொழிலுக்கு அனுப்பும் திட்டத்தை வகுத்தாரே, ஏன்? தனி மனிதரின் குற்றமென்று இதை நாம் சுருக்கிவிடக் கூடாது. தொழிலின் இழிவைப் போக்கிவிட்டால் போதும், தொழிலுக்கும் பிறவிக்கும் உள்ள முடிச்சை அவிழ்க்க வேண்டியதில்லை என்று எண்ணும் எந்தச் சீர்திருத்தமும் அங்கேதான் போய் நிற்கும். தோட்டியின் கையைத் துடைத்துவிட்டு, துடைப்பத்தை மறுபடியும் அதே கையிலே கொடுக்கும்! ஆசிரமத்துக்கும் அச்சுக்கூடத்துக்கும் உள்ள வேற்றுமை இதுவே. ஒன்று, தாழ்ந்தவனுக்கு நன்மை செய்ய நினைத்தது. மற்றொன்று, தாழ்ந்தவன் என்று ஒருவன் ஏன் இருக்க வேண்டுமென்று கேட்டது.

ஏடும் எழுத்தும்

கேள்வி கேட்பதற்கும் ஓர் இடம் வேண்டுமன்றோ? தெருக்கள்கூட அன்றைக்கு எல்லார்க்கும் பொதுவல்ல. 1924இலே, சென்னை சட்டமன்றத்திலே, இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொணர்ந்தார். பொதுச் சாலையும் பொதுக் கிணறும் குளமும் எல்லார்க்கும் உரியன என்றது அத்தீர்மானம். அது ஏற்கப்பட்டு, மறு ஆண்டிலே அரசிதழிலும் வந்தது. அதே 1924இலேதான் வைக்கத்திலே கோயிலைச் சுற்றிய தெருவிலே நடப்பதற்கென்றே போராட்டம் நடந்தது; ஈரோட்டிலிருந்து சென்ற பெரியார் அங்கே சிறைபுகுந்தார். சட்டம் சொன்னால் மட்டும் தெரு திறந்துவிடவில்லை. சட்டத்தை ஊருக்குப் படித்துக்காட்ட ஆள் வேண்டியிருந்தது.

அந்த ஆள் எங்கே கிடைத்தான்? தேநீர்க் கடையின் பலகையிலே. முடிதிருத்தும் நிலையத்தின் நாற்காலியிலே. தெருமுனைப் படிப்பகத்தின் கூரையடியிலே. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவன் உரக்கப் படிக்க, தெரியாத பத்துப்பேர் சுற்றி அமர்ந்து கேட்க, கேட்டவர் வாதாட, வாதாடியவர் சிந்திக்க, இப்படித்தான் சிற்றூர்தோறும் சுயமரியாதை வளர்ந்தது. 1944இலே சேலம் மாநாட்டிலே நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது. 1949இலே திராவிட முன்னேற்றக் கழகம் பிறந்தது. அதற்கெல்லாம் அடித்தளமாக இருந்தவை இந்தச் சிறு மன்றங்களே. நாளிதழுக்குச் சந்தா, விளக்குக்கு எண்ணெய், பெஞ்சுக்கு மரம் எல்லாம் இளைஞர்கள் தம் கூலியிலிருந்து எடுத்து வைத்த காசு. சந்தாப் பணத்திலே சாதிக்கு ஒரு பங்கில்லை. பெஞ்சிலே சாதிக்கு ஒரு மூலையில்லை. பல ஊர்களிலே, பல குலத்தார் ஒரே பலகையிலே சமமாக அமர்ந்த முதல் இடம் பள்ளிக்கூடமன்று, கோயிலுமன்று, அந்தப் படிப்பகமே.

இந்த உணர்ச்சி கட்சி எல்லையிலே நின்றதுமில்லை. 1931இலே, மன்னார்குடிப் பக்கத்திலே, கனகசபைப் பிள்ளை என்பார் மாட்டுவண்டியிலே நூல்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். நூலகவியல் அறிஞர் அரங்கநாதன் அதைத் தொடங்கிவைத்தார். 1948இலே சென்னை மாகாணத்துக்கு நூலகச் சட்டம் வந்தது. தனியொருவர் வண்டியிலே ஏற்றிய நூல், பதினேழு ஆண்டுகளிலே, நாட்டின் சட்டமாக வளர்ந்தது. 1990களின் தொடக்கத்திலே புதுக்கோட்டையிலே அறிவொளி இயக்கத்துப் பெண்கள் மிதிவண்டி ஏறினார்கள். ஊதியமின்றி எழுத்துக் கற்பித்தார்கள். கற்பித்தவர்களும் கற்றவர்களும் ஆயிரக்கணக்கிலே சாலைக்கு வந்தபோது, பெண்ணுக்கு எல்லை வாயிற்படி என்ற வைதிகம் சக்கரத்தின்கீழ்ச் சிக்கியது. தொண்டு என்பது இதுதான்: செய்பவரையும் உயர்த்தும், பெறுபவரையும் உயர்த்தும், இருவரையும் சமமாக்கும்.

சீரணி

1967இலே கழகம் ஆட்சிக்கு வந்தது. மறு ஆண்டிலே, முதலமைச்சர் அண்ணா ஒரு தொண்டர் அணியைத் தோற்றுவித்தார். சீரணி என்பது அதன் பெயர். சாலை போடுதல், குளம் தூர்வாருதல், ஊரைத் தூய்மை செய்தல் ஆகிய பணிகளை, ஊதியம் கருதாது, மக்களே முன்வந்து செய்வதற்கான அமைப்பு அது. இதன் உட்பொருளை எண்ணிப் பாருங்கள். நூற்றுப்பத்து ஆண்டுகளுக்கு முன், 1858இலே, வாய்க்காலுக்கு உடலுழைப்பாளனைக் கட்டாயப்படுத்தி அழைத்தது அரசு. 1968இலே, படித்தவனையும் பதவியிலிருப்பவனையும் பார்த்து, “விரும்பினால் வா, மண் சும!” என்றது அரசு. அதே மண், அதே கூடை. ஆனால் சுமப்பவன் தலை நிமிர்ந்திருந்தது!

1969 பிப்ரவரி 3ஆம் நாள் அண்ணா மறைந்தார். சீரணியின் பெயர் தாங்கிய அரங்கம் சென்னைக் கடற்கரையிலே நெடுநாள் நின்றது. எத்தனையோ கூட்டங்களைக் கண்டது. 2003இலே அதுவும் இடிக்கப்பட்டது. மேடை போனதற்கு நாம் வருந்தலாம். ஆனால் மேடை போவதால் தொண்டு போய்விடாது. தொண்டர் போனால்தான் போகும்.

உரைகல்

சட்டங்கள் மாறாமலில்லை. 1950இலே நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டம், 23ஆம் பிரிவிலே, கூலியில்லாக் கட்டாய உழைப்பை ஒழித்தது. வெட்டி சட்டப்படி செத்தது. 1976இலே கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. 1980இலே, தமிழ்நாட்டிலே, பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவிமுறை ஒழிந்தது. 23ஆம் பிரிவிலேயே மற்றொரு வரி உண்டு. பொதுநலத்துக்காகக் கட்டாயப் பணியை அரசு விதிக்கலாம். ஆனால் மதம், இனம், சாதி, வகுப்பு என்ற வேற்றுமை அதிலே பாராட்டக் கூடாது என்கிறது அந்த வரி. பொதுப்பணி எதற்கும் உரைகல் அந்த வரியே. கட்டாயப் பணிக்கே அந்த விதி என்றால், தாமே முன்வந்து செய்யும் தொண்டுக்கு அது எத்தனை மடங்கு பொருந்தும்!

2013இலே, மனிதக் கழிவை மனிதன் அள்ளும் கொடுமையைத் தடைசெய்து புதிய சட்டம் வந்தது. 2014 மார்ச்சிலே உச்சநீதிமன்றம், சாக்கடையிலே மடிந்தவர் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய் தரவேண்டுமென்றது. 2023இலே அதை முப்பது இலட்சமாக உயர்த்தியது. இழப்பீடு உயர்கிறதே, ஏன்? சாவு நிற்கவில்லை என்பதனால்! அந்தக் குழிக்குள் இறங்கி மடிபவர் யாரென்று கேட்டுப் பாருங்கள். கல்வெட்டுக் காலத்து வெட்டி, காகிதத்திலே செத்துவிட்டது. சாக்கடையிலே இன்னும் மூச்சுவிடுகிறது.

2017இலே குடிமராமத்து என்ற பழைய பெயரிலே அரசு ஒரு திட்டம் தொடங்கியது. ஏரி குளங்கள் தூர்வாரப்பட வேண்டியவையே. பாசனத்தார் சங்கங்கள் அதிலே பங்குபெறுவதும் நன்றே. பழைய பெயரைச் சூட்டிக்கொள்ளட்டும். பழைய வழக்கத்தையும் உடன் சூட்டிக்கொள்ள வேண்டாம் என்பதே நம் வேண்டுகோள்.

வேலூர் இளைஞர்க்கு

இப்போது வேலூருக்குத் திரும்புவோம். ஆடிப் பதினெட்டிலே காவிரிப் படித்துறையிலே கூட்டம் நெரியும். மறுநாள் படித்துறையிலே கிடப்பவை என்ன? பழைய துணி, பிளாஸ்டிக் பை, வாடிய மாலை. ஆற்றைத் தாயென்று கும்பிட்ட கைதான் அவற்றை அங்கே எறிந்தது. மறுநாள் காலையிலே அவற்றை அள்ளுபவர் யார்? கும்பிட்டவரா? இல்லை, துப்புரவுத் தொழிலாளியே! ஆற்றுக்குத் தாய் என்று பெயர். அள்ளுபவனுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறோம்?

இங்கேதான் ஓர் இளைஞர் மன்றத்துக்கு வேலை இருக்கிறது. படித்துறையைக் கூட்டலாம், வாய்க்காலிலே மண்டிய ஆகாயத்தாமரையை அகற்றலாம், வெள்ளநாளிலே கரையோர மக்களை மேட்டுக்கு அழைத்துவரலாம், குருதிக்கொடை தரலாம், மாலைப் பள்ளி நடத்தலாம். அத்தனையும் நல்ல பணிகளே. ஆனால், பணியைத் தொடங்குமுன் தம்மைத் தாமே சில கேள்விகள் கேட்டுக்கொள்ளட்டும்.

முதற் கேள்வி: சேற்றிலே இறங்குகிறவர் யார், நிழற்படத்திலே நிற்கிறவர் யார்? இரண்டு பட்டியலும் வேறு வேறாயிருந்தால் அது தொண்டன்று, பழைய வெட்டிக்குப் புதிய சட்டை.

இரண்டாவது: துப்புரவுத் தொழிலாளிக்கு உரிய கூலியையும், கையுறையையும், இயந்திரத்தையும் பேரூராட்சியிடம் கேட்டுப் பெற மன்றம் துணைநிற்கிறதா? அல்லது ஒருநாள் தானே துடைப்பத்தை எடுத்து, அவர் ஆண்டு முழுதும் கேட்கும் கோரிக்கையை அந்த ஒருநாள் ஆரவாரத்திலே மூழ்கடிக்கிறதா? ஊதியமில்லாத் தொண்டு ஊதியம் பெறுபவனின் வயிற்றிலே அடிக்கக் கூடாது.

மூன்றாவது: வேலை முடிந்தபின் தேநீர் ஒரே குவளையிலா? எல்லாத் தெரு இளைஞரும் ஒரே பந்தியிலா? பெண்களுக்கு இடம் கோலம் போடும் இடத்திலா, கணக்கெழுதும் இடத்திலா?

நான்காவது: வரவு செலவுக் கணக்கு ஊரார் கண்ணிலே படும்படி எழுதி ஒட்டப்படுகிறதா? கல்லிலே கொடையாளர் பெயரைப் பொறித்த காலம் போகட்டும். பலகையிலே கணக்கை எழுதும் காலம் வரட்டும்.

‘ஊர் கூடினால்தான் தேர் ஓடும்’ என்பது பழமொழி. வடத்தைத் தொட எல்லார்க்கும் உரிமையுண்டா என்று சிவகங்கைப் பக்கத்துக் கண்டதேவியிலே கேட்டபோது தேரே பல ஆண்டுகள் ஓடாமல் நின்றது. ஆகவே, ஊர் கூடினால் போதாது; சமமாகக் கூட வேண்டும். முதலிலே கேள்வி கேட்ட முதியவர்க்கு நம் விடை இதுவே: ஐயா, நீங்கள் வாய்க்கால் வெட்டியது உண்மை. ஆனால் அன்று கரையென்றும் சேறென்றும் ஊர் இரண்டாக நின்றது. உங்கள் பேரன் இன்று கரையிலிருந்து சேற்றுக்கு இறங்கியிருக்கிறான். சேற்றிலிருந்தவன் பேரன் கரையேறிப் பள்ளிக்குப் போயிருக்கிறான். பள்ளி விட்டதும் அவனும் வருவான். இருவருமாகச் சேர்ந்து மண்ணை அள்ளுவார்கள். புதுமை அதுதான்!

இளைஞர்காள், அந்தப் புதுமையைக் காப்பது உங்கள் கையிலே இருக்கிறது. மண்வெட்டியை எடுங்கள். எடுக்குமுன், நேற்றுவரை அதைப் பிடித்திருந்த கை யாருடையது என்று கேளுங்கள். அந்தக் கைக்குப் புத்தகம் கிடைத்ததா என்று பாருங்கள். கிடைக்கவில்லையென்றால், முதல் தொண்டு அங்கே தொடங்கட்டும்.